நெகமம் இல்லை, நெஃகமா

சொல்லிப் பாருங்கள் என்றேன்.
நங்கை சாந்தாமணி சொல்லிப் பார்த்தாள்.
"ஏனுங் அம்மிணி, சேலையா?
எனக்கு அரக்குல ஒண்ணு எடுத்துப்போடு."

சேலை இல்லை. ஊரும் இல்லை. எபிரேயப் பேர்.
நடுவில் ஒரு மூச்சு இருக்கிறது,
கண்ணாடியில் ஊதித் துடைப்போமே,
அந்த மூச்சு, கொஞ்சம் சொரசொரப்பாக.
"காறித் துப்பறாப்பல இருக்குது"
என்றார் லோகுவின் சித்தப்பா.

லோகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து
பன்னிரண்டு தடவை முயன்றான்.
பதின்மூன்றாவதில் இருமல் வந்துவிட்டது.
"அனுசத்துக்கு நா, நீ, நூ, நே.
மொத எழுத்துப் பொருந்துது,
மிச்சத்தைப் பழகிக்கலாம்" என்றான்.

பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள்.
நான் வேலை பார்ப்பது நார்க்கழிவுக் கட்டிக் கம்பெனியில்,
கப்பல் தாள் பிரிவு.
மட்டையில் நார் எடுத்தது போக மிஞ்சும் தூளைக்
கழுவி, உப்புப் போக்கி, செங்கல்லாய் அழுத்தி அனுப்பினால்
அங்கே அதில் தக்காளி காய்க்கிறதாம்.
அந்தப் பக்கம் போனில் ஒரு பெண்.
நான்கு வருடம். முகம் தெரியாது.
ஈரப்பதம் எத்தனை, கண்டெய்னர் எப்போது,
அவ்வளவுதான் பேச்சு.

முந்தின ஆடியில், ஏழாம் மாதத்தில், ஒன்று போனது.
இருபது நாள் கழித்து வேலைக்கு வந்தேன்.
எங்கே காணோம் என்று கேட்டாள்.
சொன்னேன். என் இங்கிலீஷில்
அதற்குப் போதுமான சொல் இல்லை.
லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.
அறுந்திருக்கவில்லை.
பிறகு தன் பேருக்கு அர்த்தம் சொன்னாள்:
ஆறுதல்.
அடுத்து, உப்பளவு எவ்வளவு என்று கேட்டாள்.

"அப்ப ஆறுதல்னே வெச்சுப்போடலாமல்லொ?"
நங்கையின் கேள்வி நியாயம்தான்.
ஆனால் அந்த ஆடியில்
வாசலில் செருப்பை விட்டு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும்
தமிழில்தான் அதைச் சொன்னார்கள்.
"வயசிருக்குது. அடுத்ததைப் பாத்துக்கலாம்."
காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.
அந்தச் சொல் எனக்குத் தேய்ந்துவிட்டது.

நகராட்சி எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"நெகமாவா, நேகமாவா, நெகமமேதானா?"
ஃ போடுங்கள் என்றேன்.
"பேர்ல யாருங்க அக்கன்னா வெப்பாங்க?"
விசைப்பலகையில் வெகுநேரம் தேடினார்.
எஃகு என்று எழுதிக் காட்டினேன். அஃது. இஃது.
குறிலுக்குப் பின்னால், வல்லினத்துக்கு முன்னால்,
அந்த மூச்சுக்கு நம் தொண்டையிலும் இடம் உண்டு,
ஆறாம் வகுப்போடு பூட்டிவிட்டோம்.
"எஃகுங்ளா" என்றார், தன்னை அறியாமல் சரியாக.
பிறகு "நெகுமா" என்றார்.

ராத்திரி சட்னிக்குத் தேங்காய்.
குடுமியைப் பிய்த்தால் மூன்று கண்,
மேலே ஒன்று, கீழே இரண்டு.
இரண்டு இறுகிக் கிடக்கும். ஒன்று மட்டும் மெத்தென்று,
விரல் வைத்தால் குழியும்.
முளை வருவது அந்த வழியில்தான்.
உன் மகளின் நடு எழுத்து என்று லோகுவிடம் நீட்டினேன்.
தேங்காயைப் பார்த்தபடி சொன்னான்,
கிட்டத்தட்டச் சரி.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
அடுத்த கண்டெய்னர் ஏறும்போது சொல்லலாம்.

மூன்றாம் ஊசி போட்டுத் திரும்புகையில்
பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு.
"நெகமம் நெகமம் நெகமம், ஏறு ஏறு" என்று
வண்டியின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தார் கண்டக்டர்.
தோளில் கிடந்தவள் தலையைத் திருப்பினாள்.
"வாறயா கண்ணு?" என்றார்.
பால் தொண்டையில் நிற்க
ஃக் என்று ஏதோ பதில் சொன்னாள்,
எங்கள் யாரையும்விடச் சுத்தமாக.

எங்கள் பஸ் அது இல்லை.
இருந்தாலும் கொஞ்சம் நின்றோம்,
இன்னும் நாலு தடவை
அவர் கூப்பிடட்டும் என்று.